எச்சரிக்கை வந்தவுடன் பழைய பதிவை அழித்துவிடலாமா? எஸ்எஸ்எச் இணைப்பு பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

ஆம்பூரில் காலணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் நண்பர் கேட்டிருப்பது இது. நிறுவனத்தின் சரக்கிருப்புக் கணக்கு, மும்பையில் வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில் ஓடுகிறது. அலுவலகத்திலிருந்தும், காட்பாடியில் உள்ள வீட்டிலிருந்து விண்டோஸ் மடிக்கணினி வழியாகவும், தொலைவிலுள்ள கணினியில் மறைப்புக் குறியீட்டுடன் நுழைய உதவும் எஸ்எஸ்எச் கட்டளையால் அந்தச் சர்வருக்குள் நுழைந்து வேலை செய்வது அவர் வழக்கம். சென்ற வாரம் ஓர் இரவு வீட்டிலிருந்து இணைத்தபோது, எதிர்முனைக் கணினியின் அடையாளம் மாறிவிட்டது என்ற எச்சரிக்கை திரையை நிறைத்தது, இணைப்பும் நின்றுவிட்டது. நோன்-ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பை அழித்துவிட்டு மறுபடி முயலுமாறு ஒருவர் சொல்ல, இவர் அப்படியே அழித்து, "யெஸ்" என்று தட்டி, கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே போய்விட்டார். எல்லாம் முன்போல் நடந்தது என்றும் எழுதியிருக்கிறார். செய்தது சரியா, கடவுச்சொல்லை விட்டுச் சாவி முறைக்கு மாற வேண்டுமா, ஐந்து நிமிடம் தட்டச்சு செய்யாமல் இருந்தால் இணைப்பு உறைந்துபோவது ஏன் என்று மூன்று கேள்விகள் கேட்கிறார். முதல் இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கங்கள் என்றே நினைக்கிறேன்: மறுமுனையில் இருப்பது நம்முடைய சர்வர்தான் என்று எப்படி உறுதி செய்வது, அந்த உறுதி இல்லாதபோது எதைக் கையை விட்டுக் கொடுக்கக் கூடாது.

வேலூரைச் சுற்றியுள்ள கல்லூரிகள், தோல் தொழிற்சாலைகள், சிறு நிறுவனங்கள் ஆகியவற்றின் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்லக்கூடியவை பல உண்டு. ஆனால் அன்றிரவு அவருடைய இணைப்பில் உண்மையில் என்ன நடந்தது என்பதை அவருடைய சர்வரையும் கணினியையும் பார்க்காமல் என்னால் தீர்மானிக்க முடியாது. அதை அவரே கண்டுபிடிக்கும் வழியைத்தான் சொல்ல முடியும். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி எழுதுகிறேன். தட்டச்சு செய்யும்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இந்தக் கட்டளைகளில் அவை வெவ்வேறு பொருள் தருபவை.

முதலில் அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்பது தெரிய வேண்டும். எஸ்எஸ்எச் சேவை ஓடும் ஒவ்வொரு சர்வரும் தனக்கென ஒரு சாவி இணையை வைத்திருக்கிறது. அதில் ஒரு பாதி இரகசியமானது, சர்வரை விட்டு வெளியே வருவதில்லை. மற்றொரு பாதி பொதுவானது, இணைக்க வரும் எவருக்கும் காட்டப்படுவது. நம் கணினி ஒரு சர்வருடன் முதன்முதலாகப் பேசும்போது, அதன் பொதுச் சாவியை வாங்கி நோன்-ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறையிலிருந்து, அதே சாவிக்குரிய இரகசியப் பாதியைக் கையில் வைத்திருப்பவர்தான் எதிரில் இருக்கிறார் என்பதைக் கணக்கின் மூலம் சரிபார்த்த பிறகே மேலே செல்கிறது. அந்த நீண்ட சாவியைக் கண்ணால் ஒப்பிட முடியாது என்பதற்காக அதன் சுருக்கம் ஒன்று காட்டப்படுகிறது. அதைக் கைரேகை என்று சொல்வது பொருத்தமான பெயர்தான்.

பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எழுதிக்கொடுப்பவரின் இடது கைப் பெருவிரல் ரேகையைப் பதிவேட்டில் வாங்குகிறார்கள்; ஆனால் ரேகை மட்டும் இருந்தால் அது யாருடைய ரேகை என்பது எப்படித் தெரியும்? அதற்காகத்தான் இன்னார்தான் இவர் என்று அடையாளம் காட்ட இரண்டு சாட்சிகள் வந்து நிற்கிறார்கள். எஸ்எஸ்எச் இணைப்பில் ரேகை வாங்கும் வேலையைக் கருவி ஒழுங்காகச் செய்துவிடுகிறது. சாட்சியை நாம்தான் கொண்டுவர வேண்டும். முதல் இணைப்பில், இந்தக் கைரேகை கொண்ட சர்வருடன் தொடரலாமா என்று திரை கேட்பது அந்தச் சாட்சியைத்தான். நம்மில் பெரும்பாலானோர் சாட்சி யாரும் இல்லாமலே "யெஸ்" என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். முதல் நாளில் நடுவில் யாரும் புகுந்திருக்க வாய்ப்புக் குறைவு என்பதால் அது பெரும்பாலும் தீங்கில்லாமல் முடிகிறது. அடையாளம் மாறிவிட்டது என்று எச்சரிக்கை வந்த பிறகு அதே செயலைச் செய்வது அப்படிப்பட்டதன்று. அந்த நேரத்தில் ஐயத்துக்கு ஒரு காரணம் கண் முன்னே நிற்கிறது.

இந்தக் கருவி எதற்காகப் பிறந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் எச்சரிக்கையின் எடை புரியும். அதற்கு முன்பு தொலைவிலுள்ள கணினியில் நுழையப் பயன்பட்ட டெல்நெட், கடவுச்சொல்லை எந்த மறைப்பும் இல்லாமல் கம்பியில் அனுப்பியது. 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடிய நிகழ்ச்சிக்குப் பிறகு, அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யுலோனென் எஸ்எஸ்எச் கருவியை எழுதி அதே ஆண்டு வெளியிட்டார். இன்று விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் நாம் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எச், ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் குழுவினர் 1999-இல் தொடங்கிய வடிவம். மறைப்புக் குறியீடு ஒட்டுக்கேட்பவரைத் தடுக்கும். ஆனால் நாம் பேசுவதே தவறான ஆளிடம் என்றால், எவ்வளவு வலுவான மறைப்பும் அந்தத் தவறான ஆளிடம் இரகசியத்தைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும், அவ்வளவுதான். ஆகவே ஆள் யார் என்ற சோதனை இந்தக் கருவியின் அடித்தளம்.

இனி, அடையாளம் ஏன் மாறும்? எச்சரிக்கையை முழுவதும் வாசித்தால் அதிலேயே இரண்டு காரணங்களும் இருக்கும்: யாரோ நடுவில் புகுந்து ஒட்டுக்கேட்கக்கூடும், அல்லது சர்வரின் சாவியே மாற்றப்பட்டிருக்கக்கூடும். என் அனுபவத்தில் நான் நேரில் ஆராய்ந்தவற்றில் மிகப் பல இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. சர்வரில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினால் பழைய சாவி போய்ப் புதியது உருவாகும். வாடகைக்கு விடுபவர் பழுதான இயந்திரத்தை மாற்றிப் புதியதில் தரவை ஏற்றித் தரும்போதும், சாவிக் கோப்புகளைக் கொண்டுவர மறந்தால் இதுவே நேரும். கிளவுட் சர்வர்கள் பலவற்றில், இயந்திரத்தை நிறுத்திவிட்டு மறுபடி இயக்கினால் பொது முகவரி எண் மாறிவிடும். பழைய எண் வேறொரு வாடிக்கையாளருக்குப் போய்விடும். நாம் பழைய எண்ணையே தட்டினால், தீய எண்ணம் எதுவும் இல்லாத யாரோ ஒருவரின் சர்வரின் கதவைத் தட்டிக்கொண்டிருப்போம். அப்போதும் அங்கே கடவுச்சொல்லைக் கொடுப்பது தவறுதான். வேண்டுமென்றே சாவியை மாற்றுவதும் உண்டு. 2023 மார்ச் 24 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் நிறுவனம் தன் ஆர்எஸ்ஏ வகைச் சாவியை மாற்றியது. அதன் இரகசியப் பாதி பொதுவில் உள்ள ஒரு தொகுப்பில் சிறிது நேரம் தெரியும்படி இருந்துவிட்டதுதான் காரணம். அன்று உலகெங்கும் நிரலாளர்களின் திரையில் வந்தது இதே எச்சரிக்கை. புதிய கைரேகையை அந்த நிறுவனம் தன் இணையதளத்தில் வெளியிட்டதால், ஒப்பிட்டுப் பார்க்க விரும்பியவர்களுக்குச் சாட்சி கிடைத்தது.

எனக்கும் அப்படி ஒரு மாதம் வாய்த்தது. டெபியன் லினக்ஸில் மறைப்புக் குறியீட்டு வேலைகளைச் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் பகுதியில் 2006-இல் செய்த ஒரு திருத்தத்தால், சாவி உருவாக்கத் தேவையான தற்செயல் எண்கள் சரிவர உருவாகாமல் போய், ஒரு குறிப்பிட்ட வகையிலும் அளவிலும் அமையக்கூடிய சாவிகளின் எண்ணிக்கை வெறும் 32,768 ஆகச் சுருங்கிவிட்டிருந்தது. 2008 மே மாதம் இது வெளியே தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த பதினோரு சர்வர்களிலும் சாவிகளை மாற்றினேன். மறுநாள் எச்சரிக்கை வரும், எல்லோரும் கோப்பை அழித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று தெரிந்ததால், புதிய கைரேகைகளைத் தாளில் அச்சிட்டு, சத்துவாச்சாரியிலிருந்து இராணிப்பேட்டை வரை ஒவ்வோர் அலுவலகமாகப் போய் உரியவர் கையில் கொடுத்தேன். அக்காலத்துக் கைரேகை, முக்காற்புள்ளிகளால் பிரித்த பதினாறு இணை எழுத்துகள். அதை விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டவர்கள் மூன்று நான்கு பேர்தான். ஆனாலும் மாற்றம் வருமுன் அதை வேறொரு வழியில் தெரிவிப்பது பராமரிப்பவரின் கடமை என்று அன்று பட்டது. இன்றும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உங்கள் சர்வரை வாடகைக்குக் கொடுத்தவர்கள் அப்படி முன்னறிவிப்பு எதுவும் தரவில்லை என்றால், அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆகவே உங்களுடைய எச்சரிக்கைக்குப் பெரும்பாலும் ஒரு சாதாரணக் காரணமே இருக்கக்கூடும். ஆனால் "பெரும்பாலும்" என்ற சொல் உங்கள் சர்வருக்கான பதிலாகாது; அதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். நல்லவேளையாக உங்களிடம் ஒரு சான்று எஞ்சியிருக்கிறது. வீட்டுக் கணினியின் கோப்பைத்தான் அழித்தீர்கள், அலுவலகக் கணினியில் பழைய பதிவு அப்படியே இருக்கும். அங்கே எதையும் தொடாமல், வழக்கமாகப் பயன்படுத்தும் அதே பெயரைக் கொண்டு சர்வருடன் இணைத்துப் பாருங்கள். கடவுச்சொல் கேட்கும் இடம் வரை போனால் போதும். எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்றால், சர்வரின் சாவி மாறவே இல்லை. அப்படியானால் வீட்டிலிருந்து நீங்கள் பேசியது வேறொருவருடன். அது பெயர் தவறான முகவரிக்குத் திரும்பியதாலா, வீட்டு ரவுட்டரில் யாரேனும் கை வைத்ததாலா என்பது அடுத்த விசாரணை. அதுவரை வீட்டிலிருந்து இணைக்கவே வேண்டாம். அலுவலகத்திலும் அதே எச்சரிக்கை வந்தால், அது காட்டும் புதிய கைரேகையைக் குறித்துக்கொண்டு, வீட்டுக் கணினியில் இப்போது பதிவாகியுள்ளதுடன் ஒப்பிடுங்கள். எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையுடன், சிறுகோட்டுக்குப் பின் சிறிய எல், மற்றொரு சிறுகோட்டுக்குப் பின் பெரிய எஃப், அதன் பின் சர்வரின் பெயர் என்று கொடுத்தால் பதிவில் உள்ள கைரேகை தெரியும். இரண்டும் ஒன்றாக இருந்தால், மாற்றம் உங்கள் வீட்டுப் பாதையில் நிகழவில்லை, சர்வரிலோ அதன் அருகிலோ நிகழ்ந்திருக்கிறது என்ற அளவுக்கு உறுதி கிடைக்கும். ஒப்பிடும்போது ஒரு கவனம் தேவை. ஒரு சர்வருக்கு ஆர்எஸ்ஏ, ஈசிடிஎஸ்ஏ, ஈடி25519 எனப் பல வகைச் சாவிகள் இருப்பது இயல்பு. ஒரு வகையின் கைரேகையை இன்னொரு வகையின் கைரேகையுடன் ஒப்பிட்டால் அவை வேறுபடத்தான் செய்யும். அதைக் கண்டு அஞ்சக் கூடாது.

இந்த அளவோடு நிறுத்திவிடவும் முடியாது. இரண்டு இடத்திலும் ஒரே கைரேகை தெரிவதால் அது நம் சர்வருடையது என்று ஆகிவிடாது. முன்பு சொன்ன முகவரி கைமாறிய நிலையிலும் இரண்டு இடத்திலும் ஒரே கைரேகைதான் தெரியும். முடிவான சாட்சி சர்வரேதான், அதுவும் எஸ்எஸ்எச் அல்லாத வழியில். வாடகைக்குக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் உலாவி வழியாகச் சர்வரின் திரையையே காட்டும் கன்சோல் வசதி ஒன்றைத் தருவார்கள். அதில் நுழைந்து, ஈடிசி ஃபோல்டருக்குள் எஸ்எஸ்எச் ஃபோல்டரில் இருக்கும், பெயர் ஹோஸ்ட் என்ற சொல்லைக் கொண்டதும் பப் என்று முடிவதுமான கோப்பை, எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளைக்குச் சிறிய எல், சிறிய எஃப் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். எஸ்எச்ஏ256 என்ற சொல்லுக்குப் பின் 43 எழுத்துகள் கொண்ட கைரேகை வரும். முதல் நான்கையும் கடைசி நான்கையும் மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல் முழுவதையும் ஒப்பிடுங்கள். கண்ணை நம்ப வேண்டாம் என்றால் எளிய வழி ஒன்று உண்டு: 2019-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.0 முதல், தொடரலாமா என்று கேட்கும் இடத்தில் "யெஸ்" என்பதற்குப் பதிலாகக் கைரேகையையே ஒட்டலாம். பொருந்தினால் மட்டுமே கருவி மேலே செல்லும். நான் இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே இந்தப் பழக்கத்தைத்தான் சொல்லித் தருகிறேன்.

கோப்பு முழுவதையும் அழித்தது மட்டும் ஐயமின்றித் தவறு. அதில் அந்த ஒரு சர்வரின் பதிவு மட்டுமா இருந்தது? நீங்கள் இதுவரை இணைத்த எல்லாச் சர்வர்களின் அறிமுகமும் அதில்தான் இருந்தது. இனி ஒவ்வொன்றையும் அறியாத ஆளாகவே சந்திக்க வேண்டும். சரிபார்த்த பிறகு ஒரு பதிவை மட்டும் நீக்க, எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளைக்குப் பெரிய ஆர் எழுத்தையும் சர்வரின் பெயரையும் கொடுத்தால் போதும். அது பழைய கோப்பை ஓல்டு என்று முடியும் பெயரில் பாதுகாத்தும் வைக்கும். சாவிச் சோதனையையே அணைத்துவிடும் அமைப்பை எழுதச் சொல்லும் அறிவுரைகளும் இணையத்தில் நிறைய உலவுகின்றன. அவற்றைப் பின்பற்ற வேண்டாம்.

இனிக் கடவுச்சொல். கடவுச்சொல் முறையில், மறைப்புக் குறியீட்டுக்குள்ளேயே என்றாலும், உங்கள் கடவுச்சொல் அப்படியே எதிர்முனைக்குப் போய்ச் சேர்கிறது. எதிரே இருந்தது போலிச் சர்வர் என்றால், அது உங்கள் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு, அதையே உண்மையான சர்வருக்குக் கொடுத்து, உங்களை உள்ளே அனுப்பிவைத்திருக்கும். உங்கள் திரையில் எந்த வேறுபாடும் தெரிந்திருக்காது. "எல்லாம் முன்போல் நடந்தது" என்று நீங்கள் எழுதியிருப்பது அதனால்தான் ஆறுதல் தரவில்லை. எனவே சோதனையின் முடிவுக்குக் காத்திராமல், இன்றே கன்சோல் வழியாக அந்தக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். அதே சொல்லை வேறெங்கேனும் வைத்திருந்தால் அங்கும் மாற்றுங்கள். அப்படியே லாஸ்ட் என்ற கட்டளையால் அண்மையில் யார் எந்த முகவரியிலிருந்து நுழைந்தார்கள் என்று பாருங்கள். சர்வரில் நுழைய அனுமதி பெற்ற பொதுச் சாவிகளின் பட்டியலான ஆதரைஸ்டு-கீஸ் கோப்பில் நீங்கள் சேர்க்காத வரி எதுவும் முளைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அங்கே ஒன்றும் தென்படாவிட்டால் நல்லது. ஆனால் உள்ளே வந்த ஒருவர் தடத்தை அழிக்கவும் முடியும் என்பதால், அதை மட்டும் வைத்து எதுவும் நடக்கவில்லை என்று சான்றளிக்க முடியாது.

சாவி முறையில் இரகசியம் உங்கள் கணினியை விட்டு நகர்வதே இல்லை. சர்வரிடம் உங்கள் பொதுச் சாவி இருக்கிறது. உங்கள் கணினி இரகசியச் சாவியால் ஒரு கையொப்பம் இட்டு அனுப்புகிறது, அவ்வளவே. அந்தக் கையொப்பம், அந்த ஓர் இணைப்புக்கே உரிய அடையாள எண்ணையும் சேர்த்துப் போடப்படுகிறது. நடுவில் ஒருவர் நின்றால் அவருக்கும் உங்களுக்கும் ஓர் இணைப்பு, அவருக்கும் சர்வருக்கும் வேறோர் இணைப்பு. இரண்டின் எண்களும் வேறு. ஆகவே உங்கள் கையொப்பத்தை வாங்கி உண்மையான சர்வரிடம் நீட்ட அவரால் முடியாது. இதனால்தான் முதல் இரண்டு கேள்விகளும் ஒன்று என்றேன். சாவிக்கு மாறுங்கள் என்று தயக்கமில்லாமல் சொல்கிறேன். அதே மூச்சில் அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். போலிச் சர்வர் உங்கள் சாவியைத் திருட முடியாதே தவிர, உங்களை ஏற்றுக்கொண்டதுபோல நடித்து ஒரு திரையைக் காட்ட முடியும். அதில், நிர்வாகி உரிமையுடன் வேலை செய்ய உதவும் சூடோ கட்டளைக்குரிய கடவுச்சொல்லைத் தட்டினாலோ கணக்குக் கோப்பை ஏற்றினாலோ அவை அவரிடம்தான் போகும். அதனால் சாவி முறைக்கு மாறிய பிறகும் கைரேகைச் சோதனை தேவைப்படும்.

சாவியை உருவாக்கும்போது ஈடி25519 வகையைத் தேர்ந்தெடுங்கள். 2014 முதலே ஓப்பன்எஸ்எஸ்எச் அதை ஏற்கிறது. 2023-இல் வந்த 9.5 பதிப்பு முதல், வகை எதையும் சொல்லாவிட்டாலும் அதுவே உருவாகிறது. மிகப் பழைய நெட்வொர்க் சாதனங்கள் சில அதை அறியா. அவற்றுக்கு மட்டும் ஆர்எஸ்ஏ வைத்துக்கொள்ளலாம். சாவிக்கு ஒரு சொற்றொடர்ப் பூட்டு கேட்கும்போது வெறுமனே என்டர் தட்டிவிடாதீர்கள். மடிக்கணினி தொலைந்தால் உங்களுக்கும் சர்வருக்கும் இடையே நிற்பது அந்தப் பூட்டு ஒன்றுதான். உருவாகும் இரண்டு கோப்புகளில் பப் என்று முடிவதை யாருக்கும் காட்டலாம். மற்றதை வாட்ஸப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பவே கூடாது. அலுவலகத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று தனித்தனிச் சாவி வைத்துக்கொண்டால், ஒரு கணினி தொலைந்தாலும் சர்வரில் அந்த ஒரு வரியை மட்டும் நீக்கினால் போதும். லினக்ஸில் பொதுச் சாவியைச் சர்வரில் சேர்க்க எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி என்ற கட்டளை உண்டு. விண்டோஸுடன் வரும் தொகுப்பில் அது இல்லை. நோட்பேடில் திறந்து அந்த வரியை எடுத்து, சர்வரில் உங்கள் பயனர் ஃபோல்டரில் உள்ள ஆதரைஸ்டு-கீஸ் கோப்பின் கடைசியில் ஒரே வரியாக ஒட்ட வேண்டும். நடுவில் உடைந்து இரண்டு வரியாகிவிட்டால் சாவி வேலை செய்யாது. இந்த ஒரு பிழைக்காகவே எனக்கு ஆண்டுதோறும் பல அழைப்புகள் வருகின்றன. அந்தக் கோப்பின் அனுமதி 600, அது இருக்கும் ஃபோல்டரின் அனுமதி 700 என்று இருக்கட்டும்; உரியவரைத் தவிர வேறு யாரும் தொட முடியாது என்பது அவற்றின் பொருள். பிறர் எழுதக்கூடிய இடத்தில் சாவி இருந்தால் சர்வர் அதைச் சொல்லாமல் புறக்கணித்துவிடும்.

சாவி வேலை செய்வது உறுதியான பிறகு, சர்வரில் கடவுச்சொல் முறையையே அணைத்துவிடுவது நல்லது. பொது இணையத்தில் 22ஆம் எண் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கும் எந்தச் சர்வரையும் தானியங்கி நிரல்கள் நாள் முழுவதும் கடவுச்சொல் ஊகித்துத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. போர்ட் எண்ணை மாற்றினால் அந்தத் தட்டல் குறையும், ஆனால் பாதுகாப்பு அதிகரிக்காது. அணைக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சர்வரின் எஸ்எஸ்எச் சேவைக்குரிய அமைப்புகள் உள்ள எஸ்எஸ்எச்டி-கான்ஃபிக் கோப்பில் ஒரே அமைப்பு இரண்டு முறை வந்தால் முதலில் வருவதே செல்லும். உபுண்டு போன்றவற்றில் முதன்மைக் கோப்பின் தொடக்கத்திலேயே வேறொரு ஃபோல்டரில் உள்ள சிறு கோப்புகள் சேர்க்கப்படுகின்றன. அங்கே கடவுச்சொல்லை அனுமதிக்கும் வரி ஒன்று ஏற்கெனவே இருந்தால், நீங்கள் கீழே எழுதியது எடுபடாமல் போகும். எஸ்எஸ்எச்டி கட்டளைக்கு, டெஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தான டி-யைப் பெரிய எழுத்தில் கொடுத்தால் உண்மையில் நடப்பில் இருக்கும் அமைப்பைக் காட்டும். எழுதியதை நம்பாமல் அதைப் பாருங்கள். இரண்டாவது, ஏற்கெனவே நுழைந்திருக்கும் இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, சேவையை மறுதொடக்கம் செய்து, வேறொரு சாளரத்தில் புதிதாக நுழைந்து பார்த்த பிறகே பழையதை மூடுங்கள். 2011-இல் நான் அதைச் செய்யத் தவறினேன். பயனர் பெயரில் ஓர் எழுத்து பிழையாகப் போய், எங்கள் சர்வருக்குள் எங்களாலேயே நுழைய முடியாமல், காட்பாடியில் அதிகாலை ரயிலேறி, சுமார் 130 கிலோமீட்டர் கடந்து சென்னையில் இயந்திரம் இருந்த கூடத்துக்கே போய்த் திருத்திவிட்டு வந்தேன். அதுவரை அரை நாள் ஒரு நிறுவனத்தின் கப்பல் ஆவணங்கள் நின்றுபோயின. அவர்களுடைய இழப்பை இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது கேள்வி எளியது. வீட்டு இணையத்திலும் கைப்பேசி இணையத்திலும் பலர் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். நடுவிலுள்ள சாதனம் எந்த இணைப்பு யாருடையது என்று ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. சில நிமிடம் எதுவும் போய்வராவிட்டால் அந்த வரியை நீக்கிவிடும். இரு முனைகளுக்கும் அது தெரியாது, திரை மட்டும் உறைந்துநிற்கும். உங்கள் கணினியின் எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பில் சர்வர்-அலைவ்-இன்டர்வல் என்பதற்கு 60 என்று கொடுத்தால், மறுமுனையிலிருந்து 60 வினாடி எதுவும் வராதபோது ஒரு சிறு விசாரிப்புச் செய்தி போகும், அட்டவணை வரி பிழைத்திருக்கும். அறுபது வினாடி உங்கள் இணையத்துக்குப் போதாவிட்டால் முப்பதாகக் குறையுங்கள். உறைந்த திரையை விட்டு வெளியேற, என்டர் தட்டி, பிறகு அலைக்குறி, பிறகு ஒரு புள்ளி தட்டினால் இணைப்பு அறுந்து கட்டளை வரி திரும்பக் கிடைக்கும். ஆனால் கோடையில் மின்சாரம் போய் ரவுட்டரே அணைந்துவிட்டால் இதெல்லாம் உதவாது. நீண்ட நேரம் ஓடும் வேலைகளைச் சர்வரில் டிமக்ஸ் என்ற நிரலுக்குள் தொடங்குங்கள். இணைப்பு அறுந்தாலும் வேலை ஓடிக்கொண்டிருக்கும், திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். சரக்கிருப்புக் கணக்கைப் பதிப்பு மாற்றும்போது இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

அலுவலகக் கணினியில் சோதித்த முடிவை இங்கேயே எழுதுங்கள்: எச்சரிக்கை வந்ததா, சாவியின் வகை என்ன, வீட்டிலும் அலுவலகத்திலும் கன்சோலிலும் தெரிந்த கைரேகைகள் என்ன என்ற விவரங்கள் போதும். கைரேகை இரகசியமானதன்று, தயங்காமல் எழுதலாம்; சர்வரின் முகவரியையும் பயனர் பெயரையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.